சாக்கின் உள்பக்கம்

என் எழுத்து கோணலும் மாணலுமாக இருப்பதைப் பொறுத்துக்கொள். ஒரு வரி மேட்டுக்கு ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. கோடு போட்ட தாள்தான். ஆனால் கோட்டைப் பார்த்தால் எழுத்து தப்பிவிடுகிறது, எழுத்தைப் பார்த்தால் கோடு தப்பிவிடுகிறது. செடி வெட்டும் கவாத்துக் கத்தி பிடித்த கையில் பேனா நிற்கமாட்டேன் என்கிறது. காலையில் இட்லி தின்றுவிட்டு உட்கார்ந்தவன் இப்போதுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். செல்வி இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "என்னப்பா, பரீட்சையா எழுதுறீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உன் சாக்குகள் நேற்று வீட்டுக்குத் திரும்பி வந்தன. கொடியில் விரித்துப் போட்டிருந்தேன். விடியும்போது ஒரு தூறல். நான் ஓடிப்போய் எடுப்பதற்குள் ஒன்று நனைந்துவிட்டது. உள்ளே கொண்டுவந்து நாற்காலியில் போட்டதும் அந்த மணம் கிளம்பியது. ஈரச் சணல், அடுப்புப் புகை, அதற்கடியில் எங்கோ பச்சை ஏலக்காய். வேலை முடிந்து தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று நீ சாக்கை உதறும்போது வருமே, அதே மணம். நான் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்துவிட்டேன். பிறகுதான் உனக்கு எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. சொல்லக் கூசுகிறது. ஆனாலும் நானே சொல்வதுதான் முறை.

முதலில் நல்ல செய்தி. எனக்கு வாசிக்கத் தெரியும். நீ நம்பமாட்டாய். இங்கே எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் வயதானவர்களுக்கென்று மத்தியான வகுப்பு வைத்தார்கள். செல்வி என்னைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டாள். இப்போது பஸ் ஸ்டாண்டில் நின்று எல்லாப் பஸ்சையும் வாசிக்கிறேன். ஏறுவதில்லை, வாசிப்பதோடு சரி. குரங்கணி, சிலமலை, தேனி, மூணாறு. ஒரு கண்டக்டர், "பெருசு, எந்த ஊருக்குப் போகணும்?" என்று கேட்டார். "எல்லா ஊருக்கும்" என்றேன். மருந்துக்கடைப் பலகை, சோப்பு உறை, தீப்பெட்டி, எதையும் விடுவதில்லை. ஒன்றைக் கூட்டி வாசித்து அது ஒரு சொல்லாகிவிட்டால் அன்றைக்கு முழுக்க மனசு ஜீப்பில் போவதுபோல் துள்ளுகிறது.

உன் சாக்கையும் வாசித்தேன். அந்தச் சாக்குகளில் அரிசி மில்காரர்கள் அச்சடித்திருந்த எழுத்துகளை நீயும் நானும் கறை என்றுதான் நினைத்திருந்தோம். நீ ஒவ்வோர் எழுத்துக்கும் பச்சை நூலில் காம்பும் இலையும் வைத்துக் கொடியாக்கிவிட்டாய். இப்போது வாசித்தால் 'புழுங்கல் அரிசி' என்று பூத்துக் கிடக்கிறது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நீ சாக்கில் தைக்கத் தொடங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மலையில் மழைக்கு எல்லோரும் சாக்கின் ஒரு மூலைக்குள் மறுமூலையைத் திணித்து, அதைத் தலையோடு முதுகை மூடும் கொங்காணியாக்கித்தான் போட்டுக்கொள்வோம். நீ மட்டும் அதன் உள்பக்கத்தில் பழைய சேலைகளிலிருந்து உருவிய நூலால் படம் தைத்தாய். ஆடி மழையில் வேலை இல்லாத நாட்களில் அடுப்படியில் குனிந்து உட்கார்ந்து தைப்பாய். "உள்ள தச்சா எவன் பாப்பான்?" என்று நான் ஒருமுறை கேட்டேன். நீ நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "நனையிறது வெளிப்பக்கந்தேன். உள்ள நான்தேன இருக்கேன்" என்றாய். அதோடு பேச்சு முடிந்தது. நான் அந்த உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. நீ போன பிறகு, மலையை விட்டு இறங்கும்போது, ஐந்து சாக்குகளையும் சுருட்டிக் கட்டிக் கொண்டுவந்தேன். அப்போதும் பார்க்கவில்லை.

இப்போது அந்தச் சங்கதிக்கு வருகிறேன்.

இங்கே போடியில், ஏலக்காய்க் கடைத் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் அதை வாடகைக்குப் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, விளக்குப் போட்டு, கண்காட்சிக் கூடமாக்கிவிட்டார். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள், சுற்றுவட்டாரத்து ஆட்கள் கையால் செய்ததை மட்டும் வைக்கப்போவதாகப் பலகை எழுதியிருந்தார்கள். பலகையை வாசிக்கத்தான் நான் உள்ளே போனேன். அங்கே குரங்கணி மாயாண்டி, காப்பிச் செடி வேரில் செதுக்கிய கரடிகளையும் மந்திகளையும் அடுக்கிக்கொண்டிருந்தான். "வீட்டுல சாக்கு அஞ்சு கெடக்கு, படம் தச்சது" என்று அவனிடம் சொன்னேன். அவன் அதை டீச்சரிடம் சொல்ல, அவர், "நாளைக்கே கொண்டாங்க" என்றார்.

வியாழக்கிழமை மூட்டையைக் கொண்டுபோய் மேசைமேல் போட்டேன். டீச்சர் ஒன்றை எடுத்து உள்பக்கத்தை வெளியே திருப்பினார். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் அப்போதுதான் பார்த்தேன். சரிவில் ஏலச்செடி வரிசை, அடியில் குனிந்து காய் எடுக்கும் பெண்கள், முதுகுகள் மட்டும். இரண்டாவதில் ஜீப்பு, அதற்குள் இருபது தலை. மூன்றாவதில் காலில் ஏறும் அட்டைகள், கறுப்பு நூலில் நெளிந்து நெளிந்து. ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் பின்னால் தள்ளப்பட்டுவிட்டேன். டீச்சர் கூட்டத்துக்கு மேலாகத் தலையைத் தூக்கி, "யாருது இது? யாருது?" என்று கேட்டார்.

நான் பின்னாலிருந்து, "கருப்பையா!" என்று கத்தினேன்.

ஏன் கத்தினேன் என்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும். சாயங்காலம் தோட்டத்து ஸ்டோரில் காய் நிறுக்கும்போது மேஸ்திரி ஒவ்வொரு பெண்ணின் கூடையும் தட்டில் ஏறியதும், "யாருது?" என்று கேட்பார். புருஷன் பெயரில்தான் பதிவு. புருஷன் பெயரை நீங்கள் யாரும் வாயால் சொல்லமாட்டீர்கள். அதனால் நாங்கள் ஆண்கள் பின்னால் வரிசையாக நின்று, அவரவர் பெண்டாட்டியின் கூடை ஏறும்போது அவரவர் பெயரைக் கத்துவோம். முப்பத்தாறு வருடம் கத்திய தொண்டை. உன் கைவேலை மேசைமேல் கிடக்கிறது, ஒருவர் "யாருது?" என்கிறார், தொண்டை தானாகக் கத்திவிட்டது. அதுவரைக்கும் என்மேல் பிழை இல்லை.

பிழை வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. போய்ப் பார்த்தால் ஐந்து சாக்கும் வெள்ளைச் சுவரில் தொங்குகின்றன. பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. நான் கிட்டே போய்க் கூட்டி வாசித்தேன். 'கருப்பையா, போடி'. அச்சில் என் பெயர். வாழ்நாளில் அச்சில் என் பெயரை நானே வாசித்தது அதுதான் முதல் தடவை. வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. விலகிப் போய்த் திரும்பி வந்து வாசித்தேன். இந்தப் பக்கமிருந்து வந்து வாசித்தேன். மாயாண்டி பார்த்துவிட்டு, "அண்ணே, அட்டய வாசிச்சே கிழிச்சுருவீங்க போல. சாக்கப் பாருங்க" என்றான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வந்தவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு பெண் என் விரல்களைத் தொட்டுப் பார்த்து, "இந்தக் கையா!" என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் செல்வி வந்தாள். சாக்குகளுக்கு முன் நின்று அழுதாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னப்பா இது?"

"வாய் தவறிப் போச்சு தாயி."

"வாய் தவறுனது நேத்து. இன்னைக்கு முழுக்க என்ன செஞ்சீங்க?"

அவள் உடனே டீச்சரிடம் போகப் புறப்பட்டாள். நடுவழியில் நின்றுவிட்டாள். வாசலில் கூடத்தின் விதிகளை ஒட்டியிருந்தார்கள். நானும் வாசித்தேன். 'செய்தவர் மூன்று நாளும் நேரில் இருக்க வேண்டும்.' வெளியூரிலிருந்து வாங்கிவந்து தன் வேலை என்று மாட்டும் யாவாரிகள் வந்துவிடக்கூடாது என்று டீச்சர் போட்ட விதி. அதற்காக முதல் நாளே ஒருவரின் மரப்பொம்மைகளை இறக்கி வெளியே அனுப்பியிருந்தார். உண்மையைச் சொன்னால் உன் சாக்குகளும் இறங்கிவிடும்.

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சும்மா இருங்கப்பா. பேரு யாருதா இருந்தா என்ன. அம்மா தச்சது செவுத்துல தொங்குதுல்ல" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

சனிக்கிழமை பேச்சியக்கா மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்தாள். உன்னோடு ஒரே வரிசையில் காய் எடுத்தவள். இப்போது பல் இல்லை, ஆனால் கண் அப்படியே இருக்கிறது. ஐந்து சாக்குகளையும் ஒவ்வொன்றாக, மூக்கு ஒட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தாள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு என்னிடம் வந்தாள். "நல்லாத்தேன் இருக்கு கருப்பையா. ஊசி குத்திருச்சா, கையில?" என்றாள். அவ்வளவுதான். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் வரை எழவில்லை. நான் எந்தப் பக்கம் நின்றாலும் அவள் பார்வை முதுகில் பட்டது.

அன்றைக்குப் பூட்டும் நேரத்தில் டீச்சர் சந்தோஷமாக வந்தார். "ஐயா, நாளைக்கு மதுரையிலருந்து ஒரு பேராசிரியர் அம்மா வர்றாங்க. ஒருத்தரத் தேர்ந்தெடுத்து, அவங்க காலேஜுல ஒரு மாசம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூட்டிட்டுப் போவாங்க. உங்க சாக்கப் பத்திப் போன்ல சொல்லிட்டேன். நீங்க முன்னால உக்காந்து கொஞ்சம் தச்சுக் காட்டணும். ஊசி, நூலு எல்லாம் நான் எடுத்து வைக்கிறேன்."

எனக்கு உதிர்ந்த சட்டைப் பித்தானைத் தைக்கவே தெரியாது. அதையும் நீதான் தைத்தாய்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. கூடத்தில் நிற்க இடமில்லை. நடுவில் ஒரு நாற்காலி, அதன் முன் ஒரு புதுச் சாக்கு, ஊசி, நான்கைந்து நிறத்தில் நூல். பேராசிரியர் அம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு எதிரே உட்கார்ந்தார். டீச்சர் கை காட்டினார். நான் போய் உட்கார்ந்தேன். செல்வி தூணோடு ஒட்டி நின்றாள். பேச்சியக்கா முதல் வரிசையில்.

ஊசியில் நூலைக் கோக்க முடியவில்லை. நனைத்துப் பார்த்தேன், முறுக்கிப் பார்த்தேன். "அண்ணனுக்கு ஏலக்காட்டு ஏத்தமெல்லாம் தெரியும், ஊசிக் காதுதான் தெரியல" என்று மாயாண்டி சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அவன் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். டீச்சர் வாங்கிக் கோத்துக் கொடுத்தார். நான் ஊசியைச் சாக்கில் குத்தினேன். மறுபக்கம் வந்தது. அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. பேராசிரியர் அம்மா குனிந்தார். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. செவுத்துல இருக்குறதுல பின்பக்கம் நூல் வரவே இல்ல. மழைத்தண்ணி உள்ள வராதபடி சணல் இழைக்கு நடுவுல மறைச்சுத் தச்சிருக்கீங்க. அத எப்படிச் செஞ்சீங்கன்னு காட்டுங்க. அதப் பாக்கத்தான் வந்தேன்."

எனக்கு அது புதுச் செய்தி. நீ மழைக்காக நூலை மறைத்திருக்கிறாய் என்று மதுரைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. வியர்வை மூக்கிலிருந்து சாக்கில் சொட்டியது. எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு கைபேசி என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாம். எழுந்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். உன் சாக்குகளும் சுவரில் இருக்கும். என் பெயரும் இருக்கும். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் தலை அசைக்கவே இல்லை, வேண்டாம் என்றும் இல்லை, சொல் என்றும் இல்லை.

ஊசியைக் கீழே வைத்தேன்.

"இது நான் தச்சதில்ல" என்றேன். குரல் வெளியே வரவில்லை. மறுபடி, மேஸ்திரியிடம் கத்துவதுபோல் கத்திச் சொன்னேன். "நான் தச்சதில்ல. எம் பொண்டாட்டி தச்சது. அவ இல்ல. எனக்கு ஊசி புடிக்கத் தெரியாது. யாருதுன்னு கேட்டாக, பழக்கத்துல எம் பேரச் சொல்லிட்டேன். அப்புறம் அட்டையில எம் பேரப் பாத்துட்டு, எடுக்க மனசு வரல." பிறகு உன் பெயரைச் சொன்னேன். உன்னை 'செல்வி ஆத்தா' என்றே கூப்பிட்டுப் பழகிய வாய், உன் பெயரில் ஒரு தடவை இடறியது. இரண்டாம் தடவை நேராகச் சொன்னேன்.

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. "மூணு நாளா எம் மொகத்தப் பாத்துப் பேசுனீங்களேய்யா" என்றார். கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "எல்லாருக்கும் ஒரே விதிதான். முந்தாநாள் அந்த மரப்பொம்மைக்காரர வெளிய அனுப்புனேன். இறக்கித்தான் ஆகணும்." அவரே எழுந்து முதல் சாக்கின் கயிற்றில் கை வைத்தார்.

"ஏம்மா, செத்த நில்லு" என்று பேச்சியக்கா எழுந்தாள். "செஞ்சவ நேர்ல இருக்கணும், அம்புட்டுத்தான? மேல வா, கூட்டிட்டுப் போறேன். ரெண்டு மணி நேரம் ஜீப்பு. ஏலச்செடிக்கு அடியிலதேன் கெடக்கா, எங்கயும் போகல." சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். "நேத்து வந்து நின்னப்பவே எனக்குத் தெரியும். மழையில அவ நிமிந்தா இதுதேன் உள்ள தெரியும். இருவது வருசம் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். நீ எப்பச் சொல்லப்போறன்னுதேன் பெஞ்சத் தேச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னைக்கும் சொல்லலன்னா நான் சொல்லியிருப்பேன், அப்புறம் நீ மலப்பக்கம் தலகாட்டியிருக்க மாட்ட."

பேராசிரியர் அம்மா டீச்சரின் காதில் ஏதோ சொன்னார். டீச்சர் கயிற்றிலிருந்து கையை எடுக்காமலே பேச்சியக்காவைப் பார்த்து, "ஒவ்வொண்ணும் என்னன்னு வந்தவங்களுக்குச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். "சொல்லாம?" என்றாள் அவள். சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும், ஆனால் தேர்வில் சேர்க்கமுடியாது என்று தீர்ந்தது. மதுரைக்கு மாயாண்டி போகிறான். ஒரு மணி நேரம் அவன் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, "குடிங்க, ஆறிரும்" என்றான். டீச்சர் என்னிடம் இன்னும் பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

அவர் பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புது அட்டையில் தன் கையால் உன் பெயரை எழுதி மாட்டினார். வாசிக்கத் தெரியாதவர்கள் வந்தால் நான் வாசித்துக் காட்டினேன். தெரிந்தவர்களுக்கும் காட்டினேன். என் பெயரை வாசித்தபோது வந்த துள்ளல் இதிலும் வந்தது. அதைவிடக் கூடவே வந்தது.

பேச்சியக்கா ஒவ்வொரு சாக்காகக் கதை சொல்லிக்கொண்டே போனாள். எந்தச் சரிவு, எந்த வருடத்து மழை, ஜீப்பில் எந்தத் தலை யாருடையது. ஐந்தாவது சாக்கின் முன் வந்ததும் நின்றுவிட்டாள். அது நீ கடைசியாகத் தைத்தது போலிருக்கிறது, நூல் நிறம் மங்கவில்லை. பச்சைச் சரிவு. செடி இல்லை, கூடை இல்லை, மழை இல்லை. நடுவில் ஒரு பெண் நிமிர்ந்து நிற்கிறாள். தலையில் சாக்கு இல்லை. வாயைப் பெரிதாகத் திறந்திருக்கிறாள், சிவப்பு நூலில். பாடுகிறாள் என்றார் ஒருவர். யாரையோ கூப்பிடுகிறாள் என்றார் இன்னொருவர். "எனக்குத் தெரியலயே, இத அவ போட்டுக்கிட்டு நான் பாத்ததில்ல" என்றாள் பேச்சியக்கா. பேராசிரியர் அம்மா என்னைக் கேட்டார். "எனக்கும் தெரியாதும்மா" என்றேன்.

இன்று நனைந்தது அந்தச் சாக்குதான். இப்போது நாற்காலியில் காய்ந்துவிட்டது. எழுதுவதை நிறுத்தி நிறுத்தி அவளைத்தான் பார்க்கிறேன். நிறுவைத் தட்டுக்கு முன்னால் நீ வாயை மூடிக்கொண்டு நிற்பாய், நான் உன் தலைக்குப் பின்னாலிருந்து கத்துவேன். உன் குரல் சத்தமாக எழுந்து நான் கேட்டதாகவே நினைவில்லை. ஆனால் நாங்கள் கவாத்துக்கு மேல்காட்டுக்குப் போன நாட்களில், கீழ்ச்சரிவில் நீ தனியாக என்ன செய்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? முப்பத்தாறு வருடத்தில் நான் அதைக் கேட்டதில்லை. அது இப்போது நெஞ்சில் கிடந்து நெருடுகிறது.

வருகிற புதன்கிழமை பேச்சியக்கா மேலே போகிறாள். நானும் ஜீப்பில் ஏறிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ காய் எடுத்த அந்தச் சரிவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நின்று, நானும் வாயைத் திறந்து பார்க்கப்போகிறேன். என்ன வந்தது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.